நாப்பத்தஞ்சு தாண்டுனப்புறம் அடிவயிறு மட்டும் ஏன் கரைய மாட்டேங்குது

பாவாடை நாடா கட்டுற எடத்துக்குக் கீழ ஒரு மடிப்பு விழும் பாருங்க, நாப்பது தாண்டுன பொம்பளைங்க நிறைய பேருக்கு அதுதான் தீராத கவலை. எங்க மதினிக்கும் அதேதான். முகம் ஒடுங்கிப் போச்சு, வளையல் கழண்டு விழுது, ஜாக்கெட் எல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்தாச்சு, ஆனா அந்த அடிவயிறு மட்டும் அப்படியே இருக்குன்னு மும்பை தாராவியில இருந்து போன் போட்டு ஒரே புலம்பல். அதுக்காக ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தப் போறேன்னு வேற சொன்னாங்க. அவங்களுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்துல நம்ம பொம்பளைங்க பட்டினி கிடந்து உடம்பக் கெடுத்துக்கறதைப் பாத்தா எனக்கு மனசு தாங்க மாட்டேங்குது.

முதல் விஷயம், அடிவயித்துக் கொழுப்பு கடைசியாத்தான் போகும். அது நம்ம குத்தம் இல்ல, உடம்போட அமைப்பே அப்படி. கொழுப்பு செல்லு மேல ஹார்மோன் வந்து ஒட்டுற வாசல் மாதிரி பீட்டா ரிசப்டர், ஆல்ஃபா-2 ரிசப்டர்னு ரெண்டு வகை இருக்கு. அட்ரினலின்ங்கற ஹார்மோன் வந்து தொட்டா பீட்டா கொழுப்பை வெளிய விடும், ஆல்ஃபா-2 விடாதேன்னு பிடிச்சு வைக்கும். இடுப்பு, தொடை, அடிவயிறு இங்கெல்லாம் தோலுக்கு அடியில இருக்கற கொழுப்புல ஆல்ஃபா-2 ஜாஸ்தி, ரத்த ஓட்டமும் கம்மி. அதனால முகம், கை, மேல் வயிறு எல்லாம் மெலிஞ்ச அப்புறந்தான் இதோட முறை வரும். மதினிக்கு வளையல் கழண்டு விழுதுன்னா வேலை நடக்குதுன்னுதான் அர்த்தம், வரிசை இன்னும் அடிவயித்துக்கு வரல, அவ்வளவுதான்.

அந்த எடத்தை மட்டும் தனியாக் கரைக்க முடியாதான்னு எல்லாரும் கேக்கறாங்க. முடியாது. அமெரிக்காவுல 2011ல வந்த ஒரு ஆய்வுல 24 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதிப் பேரை 6 வாரம், வாரத்துக்கு 5 நாள் வயித்துக்கான பயிற்சி மட்டும் செய்ய வச்சாங்க. வயித்துத் தசைக்குத் தெம்பு கூடுச்சு, கொழுப்பு குறையல. அப்புறம் இந்த வேர்க்க வைக்கற பெல்ட். தாதர்ல பிளாட்பாரக் கடையில இருந்து பெரிய ஸ்லிம்மிங் சென்டர் வரைக்கும் விக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஒரு சென்டர்ல பேக்கேஜ்னு சொல்லி கையில இருந்த சீட்டுப் பணத்தை மொத்தமாக் கட்டிட்டாங்க, பெல்ட்டைக் கட்டி அரை மணி நேரம் அதிர விட்டு அனுப்பிடுவாங்களாம், அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஆத்திரம் அடங்கல. கொழுப்பு வேர்வையா உருகி ஓடாது. 10 கிலோ கொழுப்பு கரைஞ்சா அதுல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போகுது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணியாப் போகுது. பெல்ட்டைக் கழட்டுனதும் குறையறது வெறும் தண்ணி, ரெண்டு டம்ளர் குடிச்சா திரும்பி வந்துடும்.

வயசானா மெட்டபாலிசம் செத்துப் போகும்னு ஒரு பேச்சு இருக்கு. 2021ல 6,400 பேருக்கு மேல வச்சு அளந்து பாத்ததுல, உடம்பு அளவையும் தசையையும் கணக்குல எடுத்துட்டா, 20 வயசுல இருந்து 60 வரைக்கும் உடம்பு எரிக்கற அளவு பெருசா மாறறதில்லைன்னுதான் தெரிஞ்சுது. அப்ப மாறுறது என்னன்னா, முப்பதுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை குறைஞ்சுட்டே போகுது, கூடவே மாதவிடாய் நிக்கற சமயம், நம்ம நாட்டுல பெரும்பாலும் 46, 47 வயசு ஒட்டி, ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன் குறையும்போது இதுவரைக்கும் தொடையிலயும் இடுப்புலயும் சேந்த கொழுப்பு வயித்துப் பக்கம் நகருது. சாப்பாடு அதேதான், புடவை கட்டு மட்டும் இறுகுதேன்னு தோணறது இதனாலதான்.

இப்ப தட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். நம்ம வீட்டுல சாம்பார் இருக்கு, பருப்பு இருக்கு, புரோட்டீன் கிடைச்சுடும்னு ஒரு நம்பிக்கை. ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு பேருக்கு சாம்பார் வைக்க நான் போடுற துவரம்பருப்பு ஒரு சின்ன டம்ளர், தராசுல வச்சா 100 கிராம் பக்கம் வரும். அதுல மொத்தம் 22 கிராம் புரோட்டீன், நாலாப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சரை. அதுவும் பருப்பு அடியில நிக்கும், கடைசியா சாப்பிடுறவங்களுக்குத்தான் கெட்டியாக் கிடைக்கும், பரிமாறிட்டே இருக்கற நமக்கு சில நாள் அதுவும் மிஞ்சாது. காலைல மூணு இட்லி, அது ஒரு 6 கிராம். மதியம் டப்பாவுல சோறு 7 கிராம் குடுக்கும், ஒரு கிண்ணம் தயிர் 3, ராத்திரி மூணு சப்பாத்தி 9, சாயங்காலம் கட்டிங் சாயில இருக்கற பால் ஒண்ணு ரெண்டு. எல்லாம் சேத்தாலும் 35 கிராம் தாண்டுறதே பெரும்பாடு. 60 கிலோ எடை இருக்கற பொம்பளைக்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்ற அளவு, கிலோவுக்கு 0.83 கிராம்னு பாத்தா, 50 கிராம் வேணும். எடை குறைக்கற சமயத்துல தசை போகாம இருக்க அதுக்கும் மேலயே வேணும். இந்த நிலைமையில ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்துனா போறது கொழுப்பு மட்டும் இல்ல, தசையும் சேந்து போகும்.

அதனால மதினிகிட்ட நிறுத்தாதீங்க, மாத்துங்கன்னேன். இட்லி ரெண்டாக்கிட்டு கூட ரெண்டு முட்டை, அது 12 கிராம். பருப்பு டம்ளரை ரெண்டு தடவை போடுங்க, சாம்பார் கெட்டியா இருந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சாயங்காலம் வடாபாவ் எடத்துல கொண்டைக்கடலை சுண்டல், ஊற வைக்கறதுக்கு முன்னாடி 50 கிராம் இருந்தா அதுல 10 கிராம் புரோட்டீன். மீன் சாப்பிடுறவங்க வீட்டுக்குக் கீழ மீன் விக்கற கோலிக்காரம்மா கொண்டு வர்ற பாங்டாவை, அதான் நம்ம அயிலை மீனை வாங்கி குழம்பு வைங்க, வறுக்க வேண்டாம், 100 கிராம் மீன்லயே கிட்டத்தட்ட 20 கிராம் வந்துடும். சோத்தைக் கொஞ்சம் குறைங்க, முழுசா விட வேண்டாம்.

எண்ணெயப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அது கண்ணுக்கே தெரியாது. ஒரு லிட்டர் எண்ணெயில 8,000 கலோரிக்கு மேல இருக்கு. நாலு பேர் இருக்கற வீட்டுல மாசம் நாலு லிட்டர் ஆகுதுன்னா, ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரி எண்ணெயில மட்டும் போகுது. அதை ரெண்டரை லிட்டராக் கொண்டு வந்தாலே ஒரு நாளைக்கு 100 கலோரி குறைஞ்சுடும், பட்டினியும் இல்ல, யாருக்கும் தெரியப் போறதும் இல்ல.

அடுத்தது வெயிட் தூக்கறது. நடக்கறது நல்லது, சயான் கோட்டைப் படி ஏறி இறங்குறதும் ரொம்ப நல்லது, நானும் போறேன். ஆனா நடை மட்டும் போதாது, தசையைக் காப்பாத்த கனம் தூக்கணும், வாரத்துல ரெண்டு நாளாவது. ஜிம்முக்குப் போக கூச்சமோ காசு இல்லையோ, பரவாயில்ல. பசங்களோட பழைய ஸ்கூல் பேக்குல 5 கிலோ ஆட்டா பாக்கெட்டை வச்சு முதுகுல மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிங்க. அதே பேக்கைக் கையில பிடிச்சு, முதுகு வளையாம இடுப்பை மட்டும் பின்னாடி தள்ளிக் குனிஞ்சு நிமிருங்க. சமையல்கட்டு மேடையைப் பிடிச்சுக்கிட்டு தண்டால் மாதிரி தள்ளுங்க. மழைக்காலத்துல மூணு மாசம் வெளிய நடக்கவே முடியாத ஊர்ல இதை வீட்டுக்குள்ளயே செஞ்சுக்கலாம். முட்டி வலி, பிபி இருக்கறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

தூக்கம். காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வரும்னு எந்திரிக்கறோம், ராத்திரி சீரியல், பாத்திரம், மறுநாள் டப்பாவுக்கு காய் நறுக்கறதுன்னு பன்னெண்டு ஆயிடுது. ஒரு ஆய்வுல ஒரே அளவு சாப்பாடு குடுத்து 14 நாள் எட்டரை மணி நேரம், 14 நாள் அஞ்சரை மணி நேரம்னு படுக்க விட்டாங்க. எடை ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் குறைஞ்சுது, ஆனா தூக்கம் கெட்டப்ப அதுல கொழுப்போட பங்கு பாதிக்கும் கீழ போயிடுச்சு, தசைதான் அதிகமாப் போச்சு. பாத்திரத்தை வீட்டு ஆம்பளைங்க கழுவலாம், இதை நான் எங்க வீட்டுல சொல்லிட்டேன், கழுவறாங்க.

தராசை நம்பாதீங்க, டெய்லர் டேப்பை நம்புங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேல் நுனிக்கும் நடுவுல, காலைல சாப்பிடுறதுக்கு முன்னாடி, மூச்சை விட்டுட்டு, டேப்பை இறுக்காம சுத்துங்க. நம்ம நாட்டுப் பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90, அதைத் தாண்டுனா கவனிக்கணும். நம்ம உடம்பு வாகு அப்படி, பாக்க ஒல்லியா இருந்தாலும் உள்ள கொழுப்பு இருக்கும். 2004ல லான்செட்ங்கற டாக்டர் பத்திரிகையில ஒரு போட்டோ வந்துச்சு, புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்குத் தக்க எடைக் கணக்கு, 22.3, ஆனா யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2. குடலைச் சுத்தி இருக்கற அந்த உள் கொழுப்புதான் சுகருக்கும் ஹார்ட்டுக்கும் வில்லன், நல்ல சேதி என்னன்னா, சாப்பாடும் பயிற்சியும் சரியானா அது சீக்கிரமே கரைய ஆரம்பிக்கும். மேல டேப் குறையுது, கீழ மடிப்பு அப்படியே இருக்குன்னா பயப்படாதீங்க, உடம்புக்கு வேண்டிய நல்லது நடந்துட்டு இருக்கு.

சிசேரியன் தழும்புக்கு மேல தொங்குற தோல் வேற விஷயம், அது கொழுப்பு மட்டும் இல்ல. பிரசவத்துல வயித்துத் தசை நடுவுல பிரிஞ்சு அப்படியே நின்னு போனவங்களும் உண்டு. மல்லாக்கப் படுத்து முட்டிய மடக்கி தலையை லேசாத் தூக்குங்க, தொப்புள் பக்கம் ரெண்டு விரல் இல்ல அதுக்கு மேல உள்ள இறங்குனா பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க, அதுவரைக்கும் மல்லாக்கப் படுத்து தோளைத் தூக்கி வயித்தை மடக்கற கிரஞ்சஸ் பயிற்சி பக்கம் போகாதீங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இதைத் தள்ளிப் போடாதீங்க. எங்க மாடியில இருக்கற அக்காவுக்குக் கை கால் எல்லாம் மெலிசு, அடிவயிறு மட்டும் கெட்டியா மேடா இருந்துச்சு, மாசாமாசம் போக்கும் அதிகம். அவங்க தொப்பைன்னே நினைச்சு நடந்துட்டு இருந்தாங்க. சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தா கர்ப்பப்பையில பெரிய ஃபைப்ராய்டு, அதாவது தசைக் கட்டி. கையால அமுக்குனா கொழுப்பு மெத்துன்னு விரல்ல பிடிபடும். கட்டியா இருந்தா, திடீர்னு ஊதுனா, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி வாரக்கணக்குல இருந்தா, மாதவிடாய் நின்ன அப்புறம் ரத்தம் பட்டா, டயட் எல்லாம் அப்புறம், முதல்ல லேடி டாக்டர்கிட்ட போய் ஸ்கேன் எடுத்துடுங்க, கூடவே தைராய்டும் சுகரும் பாத்துடுங்க. மதினியை வர்ற சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்.