அந்த 0.15 யூல்

"சேர், அந்த 0.15 யூல் எந்தக் கோளத்தின்ர?"

மாங்குளத்தில் மாலை வகுப்பு முடிகிற நேரம். ஒட்டுசுட்டான் பிள்ளைகள் பஸ்ஸுக்கு எழும்பிவிட்டார்கள். "தொகுதியின்ர, பிள்ளை" என்றேன், இரண்டு கோளமும் சேர்ந்ததன் என்ற பொருளில். பிழையில்லாத பதில்தான். அவள் கேட்டதற்கு அது பதிலா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்கு வழமையானது. 100 கிராம், 300 கிராம் திணிவுள்ள இரு சிறு கோளங்கள். ஒன்றில் +2, மற்றதில் −2 மைக்ரோகூலோம் மின்னேற்றம்; ஒன்றையொன்று கவரும். ஒப்பமான, அதாவது உராய்வில்லாத, மேசையில் மையங்கள் 24 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்க, ஓய்விலிருந்து விடுகிறோம். இடைவெளி 12 ஆகும்போது கதிகள் என்ன? அழுத்தசக்தி, அதாவது இரண்டும் இருக்கிற நிலையால் வரும் சக்தி, −0.15 யூலிலிருந்து −0.30க்கு இறங்குகிறது; இயக்கசக்தியாவது 0.15. கிடையாக வெளிவிசை இல்லை, மொத்த உந்தம் (திணிவு × வேகம்) பூச்சியம். ஆகவே இலேசானதன் கதி மற்றதைப்போல மூன்று மடங்கு. சேர்த்துத் தீர்த்தால் செக்கனுக்கு 1.5 மீற்றர், 0.5 மீற்றர்.

அவள் ஒவ்வொரு கோளத்துக்கும் 0.15 யூலை முழுதாகக் கொடுத்திருந்தாள். விடை 1.73, 1.0. உந்தத்தைப் பார்த்தால் ஒன்று 0.173, மற்றது 0.3, சமப்படவில்லை. ஒரே சக்தியை இரண்டு தரம் எண்ணிய பிழை. சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

வெட்டியது சரி. இன்றைக்கும் வெட்டத்தான் செய்வேன். ஆனால் 300 கிராம் கோளத்தை மேசையோடு இறுக்கிவிட்டால் இலேசானதன் கதி 1.73 தான். மேசை வெளிவிசை கொடுக்கும், கோளங்களின் உந்தம் காக்கப்படாது, சக்தி முழுவதும் ஓடுகிற கோளத்துக்கே. மற்றதை இறுக்கினால் 1.0. வேறு இரண்டு கணக்குகளுக்கு அவள் சரியான விடை எழுதியிருந்தாள். அதை அன்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். எக்கணமும் இரண்டின் மேலும் ஒரே அளவு விசை. திணிவு மையம் அசையாததால் இலேசானது 9 சென்ரிமீற்றர் நகர, பாரமானது 3 தான் நகரும். மூன்று மடங்கு தூரம், மூன்று மடங்கு வேலை: 0.1125 யூல், 0.0375 யூல். சொன்னால் தொடக்க விசை 0.625 நியூற்றனை 9 சென்ரிமீற்றரால் பெருக்கி, அதையே வேலையாக எடுத்து, கதி 1.06 என்று எழுதுவார்கள் என்ற பயம் இருந்தது. 12 இல் விசை 2.5 நியூற்றனாகிவிடும் என்பதை மறப்பார்கள். அந்தப் பயம் நியாயமா, பஸ் நேரத்துக்கு நானே தேடிய சாட்டா?

அடுத்த வகுப்பில் மேசையில் சோக்கால் 9, 3 என்று கோடு போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப 24 இல நிக்கேக்க?" என்றாள்.

அங்கே இருக்கிற −0.15 யூலைப் பங்கு பிரிக்க வழியில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை முடிவிலிக்கு இழுக்கக் கை 0.15 யூல் வேலை செய்யவேண்டும். எந்தக் கோளத்தை இழுத்தாலும் அதே 0.15.