விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மிண்ட்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. நன்றாக இயங்கும் என் மடிக்கணினியைக் கைவிட மனமின்றி, அதே வட்டில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் நிறுவினேன். கோப்புகளை முதலில் வெளிவட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைப்பது அவசியம். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க, விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை விண்டோஸின் சொந்தக் கருவியைக் கொண்டே சுருக்குவதுதான் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

பலரும் கவனிக்கத் தவறுவது விண்டோஸின் விரைவுத் தொடக்க (Fast Startup) வசதியை. அது செயலில் இருக்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிட்டு உறக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகக்கூடும். ஆகவே அதை முடக்கிவிடுவது நல்லது.

அடுத்தது கடிகாரம். தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது இந்தியாவில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒற்றைக் கட்டளை இதைச் சரிசெய்கிறது.

தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் (IBus) வழியாகச் சேர்த்துக்கொண்டேன்; இந்தப் பதிவையும் அதில்தான் தட்டச்சு செய்தேன்.