கடுகு கடுகாய்

ஜூன் 3, 2024, திங்கள்

வெண்புள்ளிக்கு ஒளிச் சிகிச்சை. இன்று 50 நொடி. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் நிற்கும்போது எண்ணத் தொடங்குவேன். இருபதுக்கு மேல் எப்போதும் தவறிவிடும். முழங்கையில் கடுகு கடுகாய்ப் பழுப்புப் புள்ளிகள். மயிர்க்கால்களிலிருந்துதான் நிறம் திரும்புமாம். விரல் நுனியில் ஏது மயிர்? உதட்டில் ஏது? அதற்குள் டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூன் 5

தோசைக்கல் புறங்கையில் பட்டுவிட்டது. காயம் பட்ட இடத்தில் புதிதாக வெண்புள்ளி வரலாம் என்று முன்பே எச்சரித்திருக்கிறார்கள். அம்மா மஞ்சளோடு ஓடி வந்தாள், நான் கத்தினேன். பாவம்.

ஜூன் 6

55.

ஜூன் 8, சனி

துணிக்கடை. பில் கவுன்டர் வேலை. மேலாளர் சான்றிதழ்களைப் புரட்டினார். எம்.காம்., டேலி, தட்டச்சு ஹையர். எல்லாம் நன்று. பேனாவை வாங்கக் கை நீட்டினேன். அவர் அதை மேசைமேல் வைத்தார்.

"வாடிக்கையாளர் கையில் சில்லறை கொடுக்க வேண்டுமே, அம்மா."

"இது தொற்றாது சார்."

"எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே."

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்திலும் இதே பதில்தான்; அங்கே பெற்றோர், இங்கே வாடிக்கையாளர். என்னிடம் பேசுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கிடங்கில் சரக்குப் பதிவு இருக்கிறதாம். 2,000 ரூபாய் குறைவு. யோசித்துச் சொல்லச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார். காகிதக் கோப்பையில். அவர் குடித்தது கண்ணாடி டம்ளரில்.

ஜூன் 9

கோப்பையைப் பற்றி நேற்று எழுதியது அநியாயமோ? வருகிற எல்லோருக்கும் காகிதக் கோப்பைதானோ என்னவோ.

ஜூன் 12

பெரியம்மா போனில்: "மீனும் தயிரும் சேர்த்துத் தின்றிருப்பாள்." எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே இல்லை.

ஜூன் 13

60 நொடி. கன்னத்தில் நன்றாக மூடி வருகிறது. விரல்கள் அப்படியே. சூட்டுக் காயத்தில் பொருக்கு கட்டிவிட்டது, தொடக் கூடாது.

ஜூன் 16, ஞாயிறு

தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். என்னைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் காலையில் இரண்டு முறை, "உன் தோழி வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாயிற்றே" என்றாள். போனேன். அவள் ஊரில் இல்லை. மலைக்கோட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து பொருக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினேன். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

ஜூன் 19

ஓர் இணைய விண்ணப்பம். மாற்றுத்திறனாளியா? ஆம், இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைகள். அமில வீச்சுக்கு ஆளானவர்கள், தொழுநோய் குணமானவர்கள் உண்டு, நான் இல்லை. இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது வெட்கமாக இருக்கிறது. 'இல்லை'.

ஜூன் 22

களிம்பு வாங்கப் போனேன். "வெண்குஷ்டத்துக்கா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல். வெண்புள்ளி என்றுதான் சொல்ல வேண்டுமென்று அரசாணையே இருக்கிறது. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா அலைய முடியும்? "ஆமாம்" என்றேன்.

ஜூன் 25

இன்று உலக வெண்புள்ளி தினமாம். மைக்கேல் ஜாக்சன் 2009-இல் இறந்த தேதி. "வெள்ளைக்காரனாக ஆசைப்பட்டவர்தானே?" என்றாள் தங்கை. அவருக்கும் இதுதான், பிரேதப் பரிசோதனையே உறுதி செய்தது என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வீட்டார் பதிலே சொல்லவில்லை, அக்கா" என்றாள்.

ஜூன் 27

கிடங்கு வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கள், வியாழன் காலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வேண்டும் என்றதும் எதற்கு என்று கேட்டார்கள். பல் வலி என்றேன்.

ஜூன் 28

பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில் ரோஸ் நிறம். புதுத் தோல் முதலில் அப்படித்தான் இருக்கும் என்கிறாள் அம்மா.

ஜூன் 30

குழல் விளக்கில் வெளுப்பாகத் தெரிகிறது. குளியலறை பல்பில் இல்லை. காலையில் வெயில் வந்ததும் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.