பனித்தடமும் உப்புவெளி மணலும்

ஒஸ்லோவில் வாழும் அண்ணா, நோர்ட்மார்க்கா காட்டின் பனிச்சறுக்குத் தடங்களைப் பற்றி நேற்றிரவு தொலைபேசியில் நெடுநேரம் கூறினார். புதுப்பனி விழுந்ததும் இயந்திரமொன்று அதை அமுக்கிச் சமப்படுத்தி, சறுக்குக்கட்டைகள் பொருந்துமாறு இரண்டு இணையான பள்ளங்களைப் பதித்துச் செல்கிறது. குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாவதால், இரவில் பதித்த தடம் மறுநாள் நன்கு தாக்குப்பிடிக்கும். பகலில் உருகி இரவில் உறைந்த தடமோ கண்ணாடிபோல் வழுக்கும். மேற்பரப்பைக் கிளறித்தான் மீண்டும் பதிக்கவேண்டும். சப்பாத்துடன் ஒருவர் நடந்தாலே போதும், குதிக்கால் குழி அப்படியே உறைந்து, பின்னால் வருபவரை விழுத்திவிடும்.

இன்று காலை திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில், அலை வடிந்த ஈரமணலில் என் காலடியின் விளிம்பு குலையாமல் நிற்பதைக் குனிந்து பார்த்தேன்.

1883இல் தொடங்கப்பட்ட ஸ்கீஃபோரெனிங்கென் என்னும் சங்கம் நோர்ட்மார்க்காவில் தடங்களைப் பராமரிக்கிறது. எவரும் கட்டணமின்றிச் சறுக்கலாம் என்றாலும், அண்ணா சந்தா கட்டுகிறார். அதுவே நியாயம் என்று நானும் கருதுகிறேன்.