காசு செலவில்லாமல், தனியாக ஒரு ஆர்பிஜி

என் கணினியில் "ஆர்பிஜி" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. போன மாதம் எண்ணிப் பார்த்தபோது உள்ளே 140 பிடிஎஃப், எல்லாம் விளையாட்டு விதிப் புத்தகங்கள். எல்லாமே எழுதியவர்கள் தாங்களாகவே இலவசமாகக் கொடுத்தவை, திருட்டு எதுவும் இல்லை. முழுதாகப் படித்தது நான்கோ ஐந்தோ, ஆடியது இரண்டு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் காசில்லாமல் எப்படித் தொடங்குவது என்று கேட்டால் எல்லோரும் நீட்டுவது ஒரு நீளமான இலவசப் பட்டியலைத்தான், அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க ஒரு பகடைகூட உருட்டாமல் ஓட்டியவன் நான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டேபிள்டாப் ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியே ஆடும் கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். உலகம், எதிரிகள், வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. என்ன நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் பகடை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைவிட்ட வகை.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடுவதாகத்தான் திட்டம். முதல் ஆட்டத்துக்கு ஐந்து முறை நாள் குறித்தோம், ஐந்து முறையும் தள்ளிப்போனது, கடைசித் தடவை தள்ளிப்போட்டது நானேதான். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தனியாக ஆடுவது ஆள் கிடைக்காதவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு கொஞ்சம் தேடிப் பார்த்தால், இந்த விளையாட்டு பிறந்த மறு வருடமே, 1975-ல், தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ என்ற இதழின் முதல் வெளியீட்டில் தனியாக ஒரு நிலவறைக்குள் இறங்கி ஆடுவது எப்படி என்று கைகாக்ஸே எழுதியிருக்கிறார். பகடையை உருட்ட உருட்ட அறையும் நடைபாதையும் முளைத்துக்கொண்டே வரும் அட்டவணைகள். 1976-ல் டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் விளையாட்டுக்காக பஃபலோ காசில் என்று தனி ஆளுக்கான சாகசப் புத்தகமே வந்துவிட்டது. ஆக, ஆள் கிடைக்காத சிக்கல் விளையாட்டு பிறந்த அன்றைக்கே பிறந்தது போலிருக்கிறது. இது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சம் விட்டது.

சரி, கேம் மாஸ்டர் இல்லாமல் எப்படி? அவர் செய்யும் வேலையை உரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டுதான் இருக்கும். ஒன்று, நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது: "கதவு பூட்டியிருக்கிறதா?" இன்னொன்று, நாம் எதிர்பார்க்காத எதையாவது தூக்கிப் போடுவது. முதல் வேலைக்கு ஒரு சாதாரண ஆறு முகப் பகடை போதும். இந்த விளையாட்டுக்காரர்கள் இதை ஆரக்கிள் என்கிறார்கள், நாம் குறி கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேட்டு உருட்ட வேண்டும். 1 விழுந்தால் "இல்லை, அதோடு இன்னும் மோசம்". 2 வெறும் இல்லை. 3 "இல்லை, ஆனால்". 4 "ஆம், ஆனால்". 5 வெறும் ஆம். 6 "ஆம், அதற்கு மேலேயும்". நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஆம் வர 75 சதவீத வாய்ப்பு. வாய்ப்புக் குறைவு என்றால் சின்னதை எடுக்க வேண்டும், 25 சதவீதமாகிவிடும். இதற்கு மேல் விதி தெரியாமலேயே ஒரு சாயங்காலம் முழுக்க ஆடலாம், நான் ஆடியிருக்கிறேன்.

ஆட்டத்தின் ருசி அந்த "ஆனால்"களில்தான். வெறும் ஆம், இல்லை வந்தால் கதை ஒரு அடி நகரும், அவ்வளவுதான். "ஆம், ஆனால்" வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

பகடையே இல்லை என்றால்? போனில் உருட்டலாம், இலவசம்தான், ஆனால் போனைக் கையில் எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, என் அனுபவத்தில். ஆறு பட்டை உள்ள பென்சில் ஒன்றில் பட்டைக்கு ஒரு எண் எழுதி மேசையில் உருட்டிவிட்டால் அதுவே பகடை. பல விளையாட்டுகள் 4, 8, 10, 12, 20 முகப் பகடைகளையும் கேட்கும், அதைப் பார்த்துத்தான் பலர் "வாங்கிவிட்டு ஆரம்பிப்போம்" என்று ஒதுங்குகிறார்கள். ஒரு நாணயம் போதும். ஆறு முகப் பகடையோடு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 6 கூட்டினால் 12 முகம். பகடையில் 6 விழுந்தால் செல்லாது, மறுபடி உருட்டு என்று வைத்து, தலைக்கு 5 கூட்டினால் 10 முகம். அந்தப் பத்தோடு இன்னொரு முறை சுண்டி, தலைக்கு 10 கூட்டினால் 20. 5, 6 இரண்டும் செல்லாது என்றால் 4 முகம், அதோடு தலைக்கு 4 கூட்டினால் 8. சீட்டுக்கட்டு இருந்தால் இன்னும் சுலபம், ஒரே சின்னத்தின் ஏஸ் முதல் 10 வரை எடுத்துக் கலைத்து ஒன்றை உருவினால் 10 முகம் ஆயிற்று, பார்த்ததும் திரும்ப உள்ளே செருகிக் கலைக்க மறக்கக் கூடாது.

இது ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தொடக்கப் பெட்டியிலேயே பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைத்தான் வைத்து விற்றார்கள். வெட்டி, ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கே அதுதான் கிடைத்தது.

விதிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்றால், ஒன்றே ஒன்று, என் ஓட்டு ஷான் டாம்கின் எழுதி 2018-ல் வந்த அயர்ன்ஸ்வோர்னுக்கு. முழுப் புத்தகமும் பிடிஎஃப்பாக இலவசம், தனியாக ஆடுவதற்கும் சேர்த்தே யோசித்து எழுதியது. ஒரு சபதம் எடுக்கிறோம், அதை நிறைவேற்றக் கிளம்புகிறோம், அதுதான் ஆட்டம். ஐந்து திறன்கள், அவற்றுக்கு 3, 2, 2, 1, 1 என்று பகிர்ந்து கொடுக்கிறோம். ஏதாவது ஆபத்தான காரியம் செய்தால் ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டித் திறனைக் கூட்ட வேண்டும், கூடவே பத்து முகப் பகடைகள் இரண்டு. நம் கூட்டுத்தொகை இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் வெற்றிதான், ஏதோ ஒரு விலையோடு, இரண்டையும் தாண்டாவிட்டால் வம்பு. சமமாக வந்தால் தாண்டியதாகக் கணக்கில்லை, இதில் நான் நிறையத் தடவை எனக்கு நானே ஏமாற்றியிருக்கிறேன்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் யோச்சாய் கால் எழுதிய கெய்ர்ன் இருக்கிறது, அதுவும் இலவசம். மூன்றே திறன்கள், பொருள்களைத் தூக்கிச் செல்ல பத்து இடங்கள், அடித்தால் பட்டதாகவே அர்த்தம், எவ்வளவு காயம் என்பதற்கு மட்டும் பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பும் 2023-லிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி, கிடைக்கிறது, ஆனால் தனி ஆள் அதிலிருந்து தொடங்கினால் சண்டைக் கணக்குப் போட்டே சோர்ந்துவிடுவான். நான் சோர்ந்தேன். பட்டியல் இவ்வளவுதான், மிச்சம் 137-ஐப் பற்றிக் கேட்காதீர்கள்.

இனி நான் சொதப்பிய கதை. முதல் தடவை உட்கார்ந்தபோது உலகத்தைப் படைக்கத் தொடங்கினேன். வரைபடம், ஆறு அரச வம்சம், யாருக்கு யார் மருமகன், 14 பக்கம். பாத்திரம் இன்னும் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. அந்த நோட்டை இன்றுவரை திறக்கவில்லை. இரண்டாம் தடவை நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன், எல்லாவற்றையும் பகடையிடம் கேட்டேன். கதவு இருக்கிறதா, மரக் கதவா, பூட்டியிருக்கிறதா, சாவி பக்கத்தில் இருக்கிறதா. அரை மணி நேரத்தில் ஒரு கதவு மட்டும் உருவானது. அதற்குப் பிறகுதான் ஒரு வழக்கம் வந்தது: ஆம் என்றாலும் இல்லை என்றாலும் கதை எங்காவது போகும் என்றால் மட்டும் கேட்பது. இல்லை என்று வந்தால் ஆட்டம் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்றால் அது கேட்கக்கூடாத கேள்வி, கதவு திறந்திருக்கிறது என்று நானே எழுதிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கேம் மாஸ்டரின் இரண்டாவது வேலை, அந்தத் தூக்கிப் போடும் வேலை, அதற்குச் சொல் அட்டவணைகள் இருக்கின்றன. ஒரு வினைச்சொல், ஒரு பெயர்ச்சொல், இரண்டையும் பகடையால் எடுத்து ஒட்டிவைத்து என்ன தோன்றுகிறது என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் பெயர்த்து வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன், "காட்டிக்கொடு, அதிகாரம்", "ஆராய், ஆபத்து" என்று ஏதோ தேர்வுக் கேள்வித்தாள் மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து நானே ஒன்று எழுதினேன். இரண்டு பகடை, ஒன்று பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம், 11 முதல் 66 வரை 36 வினை, அதேபோல 36 பெயர். சேர்த்தால் 1296 ஜோடி.

பெயர்ச்சொற்களை எழுதும்போது வேண்டுமென்றே பல பொருள் தரும் சொற்களாகப் பொறுக்கினேன். ஆறு, படி, கால், மாலை, திங்கள், அடி, வேலி, கரை, குடி, முடி. "மற, படி" என்று விழுந்தால் மறந்துபோனது மாடிப்படியா, அளக்கும் படியா, இல்லை யாரோ கையால் பிரதி எடுத்த படியா? "துடை, கரை" என்றால் ஆற்றங்கரையா, துணியில் படிந்த கறையை எழுத்துப்பிழையோடு நினைத்துக்கொண்டேனா? (இப்படித்தான் ஒரு முறை ஒரு கொலை வந்து சேர்ந்தது.) அட்டவணைக்குச் சொல் தெளிவாக இருக்கக் கூடாது. நம் மொழியில் சொற்கள் பல வேஷம் போடுவதைப் பள்ளியில் சிலேடை என்று மனப்பாடம் செய்ததோடு சரி, அது இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று நினைத்ததே இல்லை.

ஒரு ஆட்டத்தைக் காட்டினால் புரியும். என் பாத்திரத்தின் பெயர் கொற்றி. கடிதம் சுமப்பவள். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் முத்திரை வைத்த ஒரு கடிதத்தை மலைக்கு அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும், அதுதான் சபதம். உலகத்தைப் பற்றி அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

கணவாய் முகப்பில் காவல் உண்டா? இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இரண்டு பகடை: 6, 2. ஆம், அதற்கு மேலேயும். சரி, காவல்காரன் இருக்கிறான், அதற்கு மேலே என்ன? அவனுக்கு அவளைத் தெரியும் என்று வைத்தேன். எப்படித் தெரியும் என்று சொல் எடுத்தேன், "இழ, மாலை" என்று விழுந்தது. முதலில் மணிமாலை என்றுதான் நினைத்தேன், திருட்டுக் கதை, பழைய பகை, சலிப்பாக இருந்தது. அப்புறம் இன்னொரு மாலை ஞாபகம் வந்தது. அவன் இழந்தது ஒரு மாலைப் பொழுதை. ஒரே ஒரு சாயங்காலம் அவன் நினைவிலிருந்து சுத்தமாகத் துடைத்துப் போயிருக்கிறது, அன்று அவனோடு இருந்தவள் கொற்றி. அறையில் யாரும் இல்லை, நான் வாய்விட்டு "அடடா" என்றேன்.

பேசித் தாண்டிப் போகப் பார்த்தாள். ஆறு முகத்தில் 4, அவளுடைய மனத்திண்மைத் திறன் 2, மொத்தம் 6. எதிரே 3, 9. ஒன்றைத் தாண்டியது, இன்னொன்றைத் தாண்டவில்லை. அயர்ன்ஸ்வோர்ன் விதிப்படி எதிராளி ஒப்புக்கொள்வான், பதிலுக்கு ஒன்று கேட்பான். கேட்டான்: நானும் வருகிறேன், போகிற வழியில் அன்று நடந்ததைச் சொல்.

இவ்வளவுக்கும் நாற்பது நிமிடம். நோட்டில் எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. அழகாக நடை போட்டு எழுதத் தொடங்கினால் ஆட்டம் நின்று கதை எழுதுவது ஆகிவிடும், அது வேறு வேலை, அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குக் கை வலிக்கிறது. அரைகுறை வாக்கியம், பகடை எண்கள், ஒரு அம்புக்குறி, போதும். சில நாள் எழுதுவதே இல்லை, முணுமுணுத்துக்கொண்டே ஆடுவேன். பிடிக்காத பதில் வந்தால் மறுபடி உருட்டலாமா என்று கேட்பீர்கள். குறி கேட்ட கேள்வி உப்புச்சப்பில்லாமல் இருந்தால் உருட்டுவேன், யாரும் பார்க்கவில்லை. பாத்திரத்துக்கு அடிபட்ட உருட்டலை மட்டும் தொடுவதில்லை, அதைத் தொட்ட அன்று ஆட்டத்தில் பயமே போய்விட்டது.

கொற்றியும் அந்தக் காவல்காரனும் இப்போது கணவாயின் பாதியில், ஒரு பாறை இடுக்கில் இருக்கிறார்கள். பனி தொடங்கிவிட்டது. நேற்று நோட்டை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்: அவள் சுமக்கும் கடிதத்தில் அந்த மாலையைப் பற்றி இருக்கிறதா? 4. ஆம், ஆனால். அந்த "ஆனால்" என்னவென்று இன்னும் முடிவு செய்யவில்லை.