காகம் கத்தினால் வேம்பைப் பாருங்கள்

திருகோணமலையில் வளவுக்கு மேலே பழுப்பாக எது வட்டமிட்டாலும் அது 'பிராந்து'தான். ஆனால் எந்தப் பிராந்து என்று தெரிந்தால்தான் கோழிக்குஞ்சை அடைப்பதா, பேசாமல் விடுவதா என்று முடிவெடுக்கலாம்.

நிறத்தை நம்பாதீர்கள், வாலைப் பாருங்கள். வளர்ந்த செம்பருந்தில் யாரும் பிழைவிடுவதில்லை: தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், இறக்கை நுனி மட்டும் கறுப்பு. கும்பாபிஷேகத்தன்று மேலே வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதே கருடன். மறுநாள் மீன்வாடியில் குடலுக்குக் காகத்தோடு சண்டை பிடிக்கும். சிக்கல் அதன் இளம்பறவையில்தான். முழுக்கப் பழுப்பு, பார்வைக்குக் கரும்பருந்து மாதிரியே இருக்கும். வால்நுனி வளைவாக இருந்தால் செம்பருந்து. நடுவில் வெட்டு விழுந்திருந்தால் கரும்பருந்து. வாலை அகல விரிக்கும்போது அந்த வெட்டு மறைந்துவிடும். மடக்கும்வரை பொறுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடென்றால் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வரும். இறக்கை விரிப்பு ஏறத்தாழ 2 மீற்றர். மிதக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கித் தூக்கியபடி நிற்கும், வால் குட்டை. ஒருமுறை பார்த்தால் பிறகு குழப்பமே இல்லை.

உண்மையில் வளவுக்குள் வேட்டையாடுவது வல்லூறு. அதை வானத்தில் தேடினால் கிடைக்காது. அணில் விடாமல் கீச்சிடும், புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம் ஒரே மரத்தைப் பார்த்துக் கத்தும், காகம் இரண்டு மூன்று சேர்ந்து பாயும். அந்த நேரம் முற்றத்துக்கு ஓடினால் பறந்துவிடும். யன்னலுக்கு உள்ளேயே நின்று வேம்பின் நடுக்கொப்புகளை, அடிமரத்தை ஒட்டிய பக்கமாகப் பாருங்கள். புறா அளவு, சாம்பல் முதுகு, நெஞ்சில் குறுக்கே நெருக்கமான செம்பழுப்புக் கோடுகள். இளசுக்கு முதுகு பழுப்பு, நெஞ்சில் நெடுக்காக வடிந்த புள்ளிகள். தொண்டை நடுவில் ஒற்றைக் கோடு. கிளம்பும்போது நாலைந்து தரம் படபடவென்று அடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி அடிக்கும். குரலை மட்டும் வைத்துக் குறித்துவிடாதீர்கள். இரட்டைவாற்குருவி அதே குரலை எடுத்து மற்றப் பறவைகளை ஏமாற்றும்.

பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு கையில் ஆடும், பார்வைப் பரப்பும் குறுகும். கொப்புக்குள் பறவையைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். நமது கடற்காற்று ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

பறவையைக் காணாவிட்டாலும் தடயம் இருக்கும். மரத்தடியில் இறகுகள் கொட்டிக் கிடந்தால் ஒன்றை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். தண்டு முழுதாக இருந்தால் வேட்டைப்பறவை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. தண்டு கடிபட்டு முறிந்து, எச்சில் ஒட்டிக் கொத்தாகக் கிடந்தால் பூனை. வல்லூற்றின் மேல் போடப்படும் பழியில் பாதி பூனையுடையது என்பது என் எண்ணம். வல்லூறு ஓணானையும் சின்னக் குருவிகளையும்தான் அதிகம் தேடும். குஞ்சு சின்னதாக இருக்கும் முதல் சில கிழமைகள்தான் கவனம்.

குஞ்சுகளைக் காக்கக் கவணும் கல்லும் வேண்டாம். பழைய மீன்வலை போதும், ஆனால் தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலை கூடாது. அது பறவையின் கண்ணுக்குத் தெரியாது; பாய்ந்து சிக்கி இறக்கையை முறித்துக்கொள்ளும், இரவில் ஆந்தையும் மாட்டும். தடித்த நூல் வலையை நாலு கம்பில் தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். வலை தொங்கினால் வல்லூறு சிக்கும், விடியக் கோழியும் சிக்கும். ஓரங்களை நிலத்தோடு செங்கல் வைத்து அழுத்திவிட்டால் கீரி நுழைவதும் கடினம்.