முழங்கால் தண்ணீரில் ஓடும் படகு

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சாக்பீஸால், நாங்களே கட்டப்போகும் பாய்மரப் படகை முழு அளவில் வரைந்தோம். நீளம் 5 மீட்டர், அகலம் 1.8. வரைந்து முடித்ததும் அத்தான் கோட்டுக்குள் போய்ப் படுத்தார், நானும் பக்கத்தில் படுத்தேன். தாளில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று தெரிந்த இடத்தில், நடுவே சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் பலகை) பெட்டி வருவதால் அவருடைய முழங்கை என் விலாவில் இடித்தது. அங்கேயே பெட்டியை 30 செ.மீ. முன்னால் தள்ளி வரைந்தோம். ஆனால் அதை மட்டும் தள்ளினால் போதாது, பாயும் கூடவே முன்னால் போக வேண்டும். இரண்டின் மையமும் விலகிப்போனால் படகு ஓயாமல் காற்றைப் பார்த்துத் திரும்பும், நாள் முழுக்கச் சுக்கானை இழுத்துப் பிடித்தே கை ஓய்ந்துவிடும். ஒரு முழங்கைக்காகப் பாய்மரம் வரைக்கும் எல்லாம் நகர்ந்தது.

இந்தப் படகு எதற்கு என்பதில் மட்டும் எங்களுக்குக் குழப்பமே இல்லை. வேளச்சேரியில் வீட்டு நிழலில் நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை காருக்குப் பின்னால் கட்டிப் பழவேற்காட்டுக்கு இழுத்துப்போய் ஏரியில் இறக்க வேண்டும், இரண்டு ராத்திரி அதிலேயே தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இறங்கி நடந்தே போகலாம். அங்கே அடியில் கீல் (keel) என்ற கனமான பலகை நிரந்தரமாகத் தொங்கும் படகைக் கொண்டுபோனால் பாதி நாள் மணலில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் பலகையை முழுக்க மேலே தூக்கினால் 20 செ.மீ. தண்ணீரிலேயே மிதக்க வேண்டும், இறக்கினால் ஒரு மீட்டர் வரை போக வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதி வைத்தோம்.

சுக்கான் விஷயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருடம் இரவல் வாங்கிய ஒரு சின்னப் படகில் முகத்துவாரத்துப் பக்கம் போனபோது, நல்ல கொண்டல் காற்றில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை. மணல்திட்டில் சுக்கான் குத்தியது. அது மடங்காத சுக்கான், படகோடு அதைப் பிணைத்திருந்த கொண்டி இரண்டும் மரத்தோடு பிய்ந்து வந்துவிட்டன. எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்த பெரியவர் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மண்ணு தொட்டா சுக்கான் தானா மேல ஏறணும் தம்பி, எதுத்து நிக்கக் கூடாது" என்றார். எங்கள் வரைபடத்தில் இப்போது சுக்கானின் கீழ்ப்பாதி ஒரு போல்ட்டில் சுழன்று பின்னால் மடங்கும், ரப்பர் கயிறு அதைத் திரும்பக் கீழே இழுக்கும்.

அப்புறம் எடை. இழுத்துப்போகும் படகுக்கு எல்லாமே அதில்தான் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் ஏராளமாக ஓடும் கேட்டலினா 22 படகில் மடக்கும் கீல் மட்டுமே சுமார் 250 கிலோ. எங்கள் முழுப் படகே அவ்வளவுதான் இருக்கலாம், ஏனென்றால் ஏரிக்கரையில் சாய்தளம் கிடைக்காத இடத்தில் நாலு பேர் கைகொடுத்து உருட்டித்தான் இறக்க வேண்டும். நொச்சிக்குப்பத்தில் சின்ன வயதில் பார்த்தது அடிக்கடி நினைவுக்கு வருகிறது: கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரம் மரமாகத் தோளில் தூக்கிப்போய் மணல்மேட்டில் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், சரியாக மிதக்காது. கரையில் தூக்க முடிகிற எடை எவ்வளவோ அதற்கேற்பத்தான் அந்தப் படகே பிறந்திருக்கிறது.

காற்றில் சாயாமல் நிற்கப் பாரம் வேண்டுமே என்றால், அதற்குத் தண்ணீரையே வைத்திருக்கிறோம். மெக்கிரெகர் 26 மாதிரிப் படகுகளில் இருக்கும் ஏற்பாடுதான், எங்களுக்குச் சிறிய அளவில், 100 லிட்டர். ஏரியில் இறங்கியதும் வால்வைத் திறந்தால் தொட்டி நிரம்பும், கரையேற்றும்போது வடிந்துவிடும், அந்த 100 கிலோவைக் கார் இழுக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை என்று அத்தான் கேட்டார். படகு சாயும்போது ஒரு பக்கத்துத் தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே எழும், அப்போதுதான் அது பிடித்து இழுக்கும். தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். அரைகுறையாக இருந்தால் சாய்கிற பக்கமே தண்ணீரும் ஓடி ஆளைக் கவிழ்த்துவிடும்.

கேபின் வேண்டுமா என்பதில்தான் எங்களுக்குள் நிஜமாகவே சண்டை. இங்கிலாந்தில் பிறந்த வெஸ்ட் வைட் பாட்டர் என்ற படகு நாலரை மீட்டர்தான், அதிலேயே கேபின் உண்டு, படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். அந்த ஊர்க் குளிருக்கும் தூறலுக்கும் அது சரி. மே மாதம் நம் வெயிலில் பிளைவுட் பெட்டிக்குள் யார் உட்காருவது? நமக்கு வேண்டியது நிழல், காற்று, கொசுவலை. அதனால் கேபினே இல்லை, பாயின் அடியில் கிடக்கும் பூம் என்ற கட்டையின் மேல் விரித்துக் கட்டும் கான்வாஸ் கூடாரம் மட்டும். பக்கத்துணியைச் சுருட்டினால் கடல்காற்று குறுக்கே ஓடும், வாடை அடித்தால் இறக்கிக்கொள்ளலாம். இது சொகுசுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போன வேஃபேரர் 5 மீட்டர்கூட இல்லாத திறந்த படகு. அந்தக் குளிரிலேயே அவர் துணிக்கூடாரத்துக்குக் கீழேதான் தூங்கினார்.

பாய்மரம் நாலரை மீட்டருக்குள், படகின் நீளத்துக்கு உள்ளேயே அடங்கும். உயரமான மரத்தில் முக்கோணப் பாய் கட்டினால் காற்றை எதிர்த்து இன்னும் நன்றாக ஏறும், தெரியும். ஆனால் மேலே குறுக்குக்கட்டை வைத்த லக் பாயை ஒரே ஆள் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம், காற்று வலுத்தால் ஒரே இழுப்பில் இறக்கியும் விடலாம். கரையோரம் மின்கம்பிகள் தாழத் தொங்கும் ஊர் நம்முடையது. மரம் குட்டையாக இருந்தாலும் அண்ணாந்து பார்க்காமல் அதை நிமிர்த்தக் கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

டிரெய்லரைப் பற்றி ஒன்றே ஒன்று. 60 கிலோமீட்டர் ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும், உடனே உப்புத்தண்ணீரில் இறக்கினால் சட்டெனக் குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும், கிரீஸ் கெட்டு அடுத்த மாதமே துருப்பிடிக்கும். அரைமணி நேரம் டீ குடித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

இப்போதைக்கு பிளைவுட்டை நீளவாக்கில் ஒட்டிப் பழகுகிறோம். தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட் எட்டடிக்குத்தான் வருகிறது, 5 மீட்டருக்கு மூன்று பலகை சேர வேண்டும். 6 மி.மீ. பலகையின் விளிம்பை 48 மி.மீ. சரிவாகச் சீவி, இரண்டு சரிவையும் எப்பாக்சிப் பசையால் ஒட்டுவது முறை. முதல் துண்டை நேற்று முழங்காலில் வைத்து வளைத்தோம், ஒட்டிலேயே பிளந்தது. இரண்டாவது துண்டு ஒட்டுக்குப் பக்கத்தில், மரத்திலேயே உடைந்தது. அத்தான் அந்த இரண்டாவது துண்டை அடுக்களை ஜன்னலில் வைத்திருக்கிறார்.